வலது குதிக்கால்

கனகசபாபதி மாஸ்டரின் நேர்முக வர்ணனையைக் கேட்பதற்கென்றே, குத்துச்சண்டை பார்க்கப் போகிறவர்கள் கையோடு ட்ரான்சிஸ்டர் கொண்டுபோனார்கள். சண்டை கண்முன்னால் நடக்கிறது, பிறகு எதற்கு றேடியோ என்று வாசலில் நின்ற பாதுகாப்பு ஆட்களுக்கு விளங்கவில்லை. ஒவ்வொரு பெட்டியையும் வாங்கி, பின்மூடியைத் திறந்து, பற்றரிகளை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். தொண்ணூற்றாறாம் ஆண்டு அது. குண்டுப் பயத்தில், மூடி போட்ட எந்தச் சாமானையும் கொழும்பில் ஒருவரும் நம்பாத காலம்.

றேடியோ எதற்கென்றால், குத்துச்சண்டை கண்ணை ஏமாற்றுகிற விளையாட்டு. குத்து விழுந்ததைக் கண் பார்க்கும். அது எங்கேயிருந்து கிளம்பியது என்பதைப் பார்க்காது. மாஸ்டர் அதைத்தான் சொல்வார்.

"நேயர்களே, வலது கைக் குத்து கையில் பிறப்பதில்லை. முதலில் வலது குதிக்கால் தரையை விட்டு எழும்ப வேண்டும். குதிக்கால் எழும்பினால் இடுப்பு திரும்பும். இடுப்பு திரும்பினால் தோள் வரும். தோள் வந்தால் கை தானாக வந்து சேரும். கை வெறும் தபால்காரன். கடிதம் எழுதப்படுவது குதிக்காலில்."

மேல் வரிசையில் இருந்த கொட்டாஞ்சேனைக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பது மாஸ்டருக்கே கேட்கும். ஐம்பது அறுபது பெட்டிகளிலிருந்து அவருடைய குரல் அவரிடமே திரும்பி வரும். தயாரிப்பாளர் ராசிக்குக்கு அது பெரிய தொல்லை.

"மாஸ்டர், உங்கட ரசிகமார்ட றேடியோ எல்லாம் எங்கட மைக்குக்குள்ள பூந்து விசிலடிக்குது. கொஞ்சம் குறைக்கச் செல்லுங்களே."

"நான் எப்பிடி ஐசே சொல்லுறது? காசு குடுத்து பற்றரி போட்டுக்கொண்டு வந்திருக்குதுகள்."

சொல்லும்போது அவருக்கு உள்ளுக்குள் இனித்தது. வானொலிக்கு வந்து ஐந்து வருடமாகியும் அந்த இனிப்புக் குறையவில்லை.

அதற்கு முன்னால் இருபது வருடம் அவர் பயிற்சியாளர். வீடு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில். பயிற்சி கொட்டாஞ்சேனையில், மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த ஒரு தகரக் கூரை மண்டபத்தில். பின்னேரம் நாலரைக்கு பஸ் ஏறிப் போய், மணல் நிரப்பிய சாக்குகளைக் கூரை வளையில் கட்டி, ஏழு மணிவரை பெடியன்களை அடிக்கவிடுவார். மணல் சாக்கில் அடித்தால் முதல் மாதம் தோல் உரியும். இரண்டாம் மாதம் விரல் முட்டிகள் வீங்கும். ஆறு மாதத்தில் முட்டிகளின் மேல் தடித்த தோல் ஏறி, கை மூடினால் நான்கு புளியங்கொட்டைகளை வரிசையாக ஒட்டியதுபோல இருக்கும். நல்ல கைக்கு அதுதான் அடையாளம் என்று மாஸ்டர் சொல்லிக்கொடுத்தார்.

தொண்ணூறில் வடக்கில் யுத்தம் மறுபடி தொடங்கியபோது அதே அடையாளத்தை வேறு ஆட்கள் தேடினார்கள். சோதனைச் சாவடிகளில் படையினர் தமிழ்ப் பெடியன்களைச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். முழங்கையில் தழும்பு இருக்கிறதா, முழங்காலில் காய்ப்பு இருக்கிறதா, தோளில் துப்பாக்கி வார் பதிந்த தடம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். மாஸ்டரின் பெடியன்கள் கையை நீட்டியதும் வேறெதையும் பார்க்கத் தேவைப்படவில்லை. இது பயிற்சி எடுத்த கை. எங்கே எடுத்தாய்? குத்துச்சண்டை என்று சொன்னால் சிரித்தார்கள்.

ஒரே மாதத்தில் ஆறு பேர் பிடிபட்டார்கள். ஆறு பேரும் ஒருவர்பின் ஒருவராகத் திரும்பி வந்துவிட்டார்கள் என்பது உண்மை. ஆனால் ஆறாவது ஆள் வந்த அன்று மாஸ்டர் மண்டபத்துக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைக் கோயிலில் கொடுத்துவிட்டார். அந்தக் கைகளைச் செய்தவர் அவர்தான். இனி ஒரு கையும் செய்யக் கூடாது என்று நினைத்தார். அடுத்த வருடம் ராசிக் வந்து, வழக்கமாக வர்ணனை செய்கிறவருக்குக் காய்ச்சல், ஒருநாள் மட்டும் பேசித்தர முடியுமா என்று கேட்டபோது, பேச்சால் ஒருவருக்கும் காயம் வராது என்ற எண்ணத்தில்தான் ஒப்புக்கொண்டார்.

மண்டபத்தை மூடியபோது வெளியே போனவர்களில் ஒருவன் அழகுமுத்து. மாஸ்டரிடம் ஆறு வருடம் இருந்தவன். அவன் தாய் ஆறாயி, ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவள். புருஷன் செத்தபின் மகனை இழுத்துக்கொண்டு கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் இரண்டு வீடுகளில் சமைத்தாள். அழகுமுத்துவுக்கு இப்போது இருபத்து நாலு வயது. புறக்கோட்டையில் அரிசி மூட்டை தூக்குகிற நாட்டாமை வேலை. பின்னேரங்களில் மட்டக்குளி கிளப் ஒன்றில் பயிற்சி.

அவனிடம் அடையாள அட்டை இல்லை. அட்டை எடுக்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பிறப்புச் சான்றிதழ் எடுக்கத் தோட்டத்துத் துரையின் கடிதம் வேண்டும். தோட்டம் மூன்று தடவை கைமாறி, பழைய பதிவேடுகள் எரிந்தோ தொலைந்தோ போய், புதுத் துரை, இல்லாத புத்தகத்தைப் பார்த்து நான் எப்படிக் கடிதம் எழுத என்று கேட்டுவிட்டார். ஆக, அழகுமுத்துவின் சட்டைப்பையில் இருந்தது கிராம சேவகர் எழுதித் தந்த, மடிப்பில் கிழிந்துபோன ஒரு தாள் மட்டும்தான். அந்தத் தாளும் அந்த முட்டிகளும் ஒன்றாகச் சாவடியில் போய் நின்றால் என்ன நடக்கும் என்பது அவனுக்குத் தெரியும். மூன்று வருடமாக அவன் பஸ்ஸில் ஏறாமல், ஒழுங்கைகளுக்குள்ளால் நடந்தே வேலைக்குப் போய்வந்தான்.

இதிலிருந்து வெளியே வர ஒரு கதவு திறந்தது. ஒரு அரசாங்கக் கூட்டுத்தாபனத்தில் குத்துச்சண்டை அணி இருந்தது. அறுபத்தேழு கிலோப் பிரிவில் அந்த வருடச் சம்பியனாக வருகிறவனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் நிரந்தர வேலை என்று அறிவித்தார்கள். வேலையென்றால் படம் ஒட்டி முத்திரை குத்திய அலுவலக அட்டை. எந்தச் சாவடியிலும் செல்லுபடியாகும் அட்டை. ஒரே ஒரு இடம்தான்.

இறுதிச் சண்டைக்கு அழகுமுத்து வந்துவிட்டான். எதிரே கண்டிப் பக்கத்துக் கிளப்பைச் சேர்ந்த ரொஷான். ரொஷானின் மூலையில் நின்றவர் தாஸிம். தாஸிமும் கொட்டாஞ்சேனைதான். மாஸ்டரின் மண்டபத்தில் பத்து வருடம் வாளியும் துவாயுமாக நின்று வேலை பழகி, மண்டபம் மூடியதும் பிழைப்புத் தேடிக் கண்டிக்குப் போனவர்.

சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குச் சண்டை தொடங்கியது. மூன்று சுற்று, சுற்றுக்கு மூன்று நிமிடம்.

முதல் சுற்றில் அழகுமுத்து இடது கையால் மட்டுமே அடித்தான். ரொஷான் தூரத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தான். மாஸ்டருக்கு உற்சாகம் பொங்கியது.

"நேயர்களே, ஏன் ரொஷான் கிட்ட வரவில்லை? அழகுமுத்துவின் வலது கை இந்த வருடம் மூன்று பேரைப் படுக்க வைத்திருக்கிறது. அந்தக் கைக்குப் பயந்து ரொஷான் தூரத்தில் நிற்கிறார். தூரத்தில் நிற்பதால்தான் இடது கையிடம் அகப்படுகிறார். பாருங்கள், வலது கை ஒரு தடவைகூட வரவில்லை. இப்போது அடிப்பது கை அல்ல, கையைப் பற்றிய பயம்!"

மேல் வரிசையிலிருந்து சிரிப்பு வந்தது. அறுபது பெட்டிகளும் "பயம்" என்று அவருக்குத் திருப்பிச் சொல்லின.

வலது கை ஏன் ஒரு தடவைகூட வரவில்லை? தான் சொன்ன வசனம் அவரையே கேள்வி கேட்டது. இரண்டாம் சுற்று தொடங்கியதும் அவர் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் காலைப் பார்த்தார். அழகுமுத்துவின் தோள் அசைகிறது, குத்து வரப்போகிறது என்று காட்டுகிறது, ஆனால் வலது குதிக்கால் தரையோடு கிடக்கிறது. தோள் நடிக்கிறது. குதிக்காலுக்கு நடிக்கத் தெரியாது. பிறகு முழங்கையைப் பார்த்தார். அது விலாவோடு ஒட்டிக்கிடந்தது.

ஆறு வருடம் அந்த உடம்பைப் பார்த்த கண் அது. அந்த அரங்கில் இருந்த இரண்டாயிரம் பேரில் வேறு எவராலும் அதைக் கண்டிருக்க முடியாது. மட்டக்குளிப் பயிற்சியாளருக்கே தெரியாது, காலையில் பார்த்த வைத்தியருக்கும் தெரியாது. விடை கிடைத்த சந்தோஷத்தில் மாஸ்டர் மைக்கை இன்னும் கிட்ட இழுத்தார்.

"இதோ கண்டுபிடித்துவிட்டேன் நேயர்களே! வலது குதிக்கால் எழும்பவே இல்லை. தோளை மட்டும் ஆட்டிக் காட்டுகிறார். குதிக்கால் எழும்பாவிட்டால் குத்து வராது. ஏன் எழும்பவில்லை? முழங்கையைப் பாருங்கள், தாழ்ப்பாள் போட்டதுபோல விலாவை மூடியிருக்கிறது. வலது விலாவில் ஏதோ காயம். இடுப்பைத் திருப்பினால் வலிக்கும். அதனால் திருப்பவில்லை. இல்லாத ஒரு குத்தை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடமாக ஒரு மனிதரைத் தூரத்தில் நிறுத்தியிருக்கிறாரே, என்ன மூளை! என்ன துணிவு!"

அவர் அதைப் புகழ்ச்சியாகத்தான் சொன்னார்.

மணி அடித்தது. ரொஷான் தன் மூலையில் வந்து உட்கார்ந்தான். தாஸிம் குனிந்தார். ரொஷான் இருந்த முக்காலிக்குக் கீழே, தண்ணீர் வாளிக்குப் பக்கத்தில், கைக்கடக்கமான ஒரு சிவப்பு ட்ரான்சிஸ்டர் நின்றது. தாஸிம் ரொஷானின் காதில் ஏதோ சொன்னார். பிறகு தன்னுடைய சப்பாத்தின் குதியைத் தொட்டுக் காட்டினார். பிறகு நிமிர்ந்து தன்னுடைய வலது விலாவைத் தொட்டுக் காட்டினார்.

மாஸ்டர் ஒரு வசனத்தின் நடுவில் இருந்தார். அந்த வசனம் முடியவில்லை.

ராசிக் திரும்பிப் பார்த்தான். வானொலியில் பதினொரு விநாடி வெறும் இரைச்சல் போனது. ராசிக் ஒரு தாளில் "பேசுங்க" என்று எழுதி முன்னால் தள்ளினான். மாஸ்டர் தாளைப் பார்த்தார், எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

மூன்றாம் சுற்றில் ரொஷான் பயமில்லாமல் உள்ளே நடந்து வந்தான். இடது கையால் வளைத்து விலாவில் அடிக்கிறவனுக்கு ஒரு ஆபத்து உண்டு. கை வளைகிற அந்த நேரத்தில் எதிராளியின் வலது கை நேரே முகத்துக்கு வரும். அது வராது என்று தெரிந்துவிட்டால் ஆபத்தே இல்லை. ரொஷான் ஒரே இடத்தில் நாலு தடவை அடித்தான். நாலாவது அடியில் அழகுமுத்து ஒரு முழங்காலில் இறங்கினான். எட்டு எண்ணும்போது எழும்பி, முழங்கையை விலாவில் ஒட்டிக்கொண்டு, கடைசி மணிவரை நின்றான். நடுவர் ரொஷானின் கையைத் தூக்கினார்.

தாஸிம் வர்ணனை மேசைக்கு ஓடி வந்தார். முகமெல்லாம் வேர்வையும் சிரிப்பும்.

"மாஸ்டர், அந்தக் குதிக்கால என்ட கண் எங்க காணுற? நீங்க செல்லித்தானே நான் பாத்த! இண்டைய வெற்றியில பாதி உங்களுக்கு."

மாஸ்டரின் கண் மூலையில் நின்ற சிவப்பு ட்ரான்சிஸ்டரில் இருந்தது.

"என்ன மாஸ்டர்? பிழையா? மூலைக்கு றேடியோ கொண்டு வரப்படாதெண்டு ஒரு சட்டமும் இல்லியே. நான் கண்டியில இருந்தும் உங்கட ஒரு கொமென்டரி விடுறல்ல."

"அந்தப் பெடியனுக்கு இண்டைக்கு ஒரு வேலை இருந்தது, தாஸிம்."

"வேலையா? அது அவனுக்கு இவ்வளவு அவசியமெண்டு எனக்கு ஆருமே செல்லல்லியே." தாஸிமின் சிரிப்பு மெல்ல இறங்கியது. "நான் காதில விழுந்ததத்தான் செஞ்ச, மாஸ்டர்."

அடுத்த நாள் காலை அழகுமுத்து வெள்ளவத்தைக்கு வந்தான். கொட்டாஞ்சேனையிலிருந்து அவ்வளவு தூரமும் நடந்து வந்திருந்தான். கதிரையில் நேராக உட்கார முடியாமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தான். மாஸ்டரின் மனைவி சரோஜினிதேவி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்து, அவன் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தாள்.

"தம்பி, களுபோவில ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு எக்ஸ்றே எடும். உது சும்மா விடுற நோவு இல்லை."

"வழியில ரெண்டு செக் பொயின்ற் இருக்குங்கம்மா. தானா சரியாயிரும். மூட்டை சரிஞ்சு விழுந்ததுதான்."

அவள் உள்ளே போனபின் அவன் கேட்டான்.

"மாஸ்டர், மூணாவது ரவுண்டுல அவனுக்கு எப்படித் தெரிஞ்சிச்சு? ரெண்டு ரவுண்டும் பயந்துக்கிட்டுத்தான் நின்னான். திடீர்னு நேரா அதே எடத்துக்கு வாரான். எப்படிங்க?"

மாஸ்டர் தேத்தண்ணீரைக் கையில் எடுத்தார், திரும்ப வைத்தார்.

"ரொஷான் கெட்டிக்காரன், ஐசே. உம்மட மூச்சைக் கவனிச்சிருப்பான். விலா நொந்த ஆள் மூச்சை நெஞ்சின்ரை மேல்பக்கத்தாலை எடுப்பான். தோள் ரெண்டும் ஏறி இறங்கும். நல்ல பொக்ஸர் அதை ரெண்டு ரவுண்டுக்குள்ளை கண்டுபிடிப்பான். அதோடை நீர் களைச்சும் போனீர். வாய் திறந்திருந்தது..."

அவர் சொல்லிக்கொண்டே போனார். உண்மையை விளக்கினால் எவ்வளவு ஒழுங்காக வருமோ அவ்வளவு ஒழுங்காகப் பொய்யும் வந்தது. பற்சக்கரங்கள்போல ஒரு பல்லோடு மறு பல் சரியாகப் பொருந்திச் சுற்றியது. அழகுமுத்து இடையில் ஒன்றும் கேட்காமல் முடியும்வரை கேட்டான். அவருடைய முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை.

"சரிங்க மாஸ்டர்," என்றான். தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, கோப்பையைத் தானே குசினி வாசல்வரை கொண்டுபோய் வைத்துவிட்டுப் போனான்.

ஒழுங்கை முனையில் அவன் திரும்புவதைப் பார்த்துக்கொண்டு நின்ற சரோஜினிதேவி கேட்டாள்: "இஞ்சேருங்கோ, நீங்கள் நேற்று றேடியோவிலை குதிக்கால் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

மாஸ்டர் குசினி வாசலில் இருந்த கோப்பையை எடுத்துக் கழுவப் போனார்.

புதன்கிழமை விடிய ஐந்தரைக்குப் படையினர் கொட்டாஞ்சேனையைச் சுற்றி வளைத்தார்கள். அட்டை இல்லாதவர்களை லொறியில் ஏற்றினார்கள். அழகுமுத்துவின் கையை விரித்துப் பார்த்த பிறகு அவனைத் தனியாக ஒரு ஜீப்பில் ஏற்றினார்கள். வியாழக்கிழமை ஆறாயி வெள்ளவத்தைக்கு வந்து, கேற்றுக்கு வெளியே நின்றபடி சொன்னாள்.

"ஐயா, நீங்க ஒரு வாட்டி வந்து அந்தக் கையப் பத்திச் சொல்லுங்க. நீங்க சொன்னா யாருக்கும் வெளங்கும்."

மாஸ்டர் பழைய பத்திரிகைத் துண்டுகள், வெற்றிக் கோப்பைகளோடு எடுத்த படங்கள் எல்லாவற்றையும் ஒரு கடித உறையில் போட்டுக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனார். இரண்டு மணித்தியாலம் வாசலில் கிடந்த மர வாங்கிலில் இருந்தபின் ஒரு அதிகாரி கூப்பிட்டார். மாஸ்டர் தன் இருபது வருடச் சிங்களம் முழுவதையும் எடுத்து விளக்கினார். மணல் சாக்கு எப்படிக் கட்டுவது, தோல் எப்படி உரியும், காய்ப்பு எந்த விரலில் முதலில் வரும், துப்பாக்கி பிடித்த கைக்கும் சாக்கில் அடித்த கைக்கும் என்ன வித்தியாசம் என்று தன்னுடைய கையையே மேசையில் வைத்துக் காட்டினார். அதிகாரி கெட்ட மனிதராக இல்லை. முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, பத்திரிகைத் துண்டுகளை உறைக்குள்ளே திரும்பப் போட்டார்.

"மாத்தையா சொல்வது எனக்கு விளங்குகிறது. ஆனால் இதெல்லாம் பத்திரிகை. எனக்கு ஒரு அலுவலகத்தின் தாள் வேண்டும். இவன் எங்களுடைய ஆள் என்று யாராவது முத்திரை குத்தித் தர வேண்டும்."

"ஒரு வேலை கிடைப்பதாக இருந்தது. கிடைத்திருந்தால் கடிதம் இருந்திருக்கும்."

"ஏன் கிடைக்கவில்லை?"

"தோற்றுப்போனான்."

"நன்றாக அடிப்பான் என்கிறீர்களே. ஏன் தோற்றான்?"

வாசலில் ஆறாயி சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேசைக்கு மேலே மின்விசிறி சுற்றியது.

"தெரியாது," என்றார் மாஸ்டர்.

அழகுமுத்துவைத் தெற்கே ஒரு தடுப்பு முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று ஒரு வாரம் கழித்துத் தெரிந்தது.

மாஸ்டர் அதற்குப் பிறகு இரண்டு சனிக்கிழமைகள் வர்ணனை செய்தார். "இடது குத்து. இப்போது வலது குத்து. மறுபடியும் இடது குத்து." யார் முன்னேறுகிறார், யார் பின்வாங்குகிறார் என்று மட்டும் சொன்னார். ஏன் என்று ஒன்றையும் சொல்லவில்லை. சிவப்பு மூலையில் ஒருவன் இடது கண்ணால் சரியாகப் பார்க்கவில்லை என்பதைக் கண்டார். வாயை மூடிக்கொண்டார். மூன்றாவது சனிக்கிழமை வாசலில் றேடியோப் பெட்டிகள் பத்துக்கூட இல்லை. ராசிக் மைக்கில் விசில் இல்லாததைக் கவனித்துவிட்டு, "என்ன மாஸ்டர், சுகமில்லியா?" என்றான். தொண்டையில் ஏதோ, இனி முடியாது என்று சொல்லிவிட்டு அவர் சண்டை தொடங்கும் முன்பே எழும்பி வந்துவிட்டார்.

அழகுமுத்துவைப் பார்க்க அனுமதி கிடைக்க நாலு மாதமானது. மாஸ்டரும் ஆறாயியும் காலி வீதியில் பஸ் ஏறினார்கள். ஆறாயி மடியில் ஒரு பார்சல். உள்ளே ரொட்டியும் கட்டச் சம்பலும். மொறட்டுவை தாண்டியதும் அவள் சொன்னாள்.

"புள்ளைக்கு வெலாவுல அடின்னு எனக்கே நீங்க ரேடியோவுல சொல்லித்தான் தெரியுங்க. பக்கத்து வீட்டு ருக்கியா ரேடியோவ சத்தமா வெச்சிருந்தா. குதிகால் எந்திரிக்கல, வெலாவுல காயம்னு நீங்க சொன்னீங்க. அன்னைக்கு வூட்டுக்கு வந்ததும் மொதல்ல அதத்தான் கேட்டேன். ஏன்டா எங்கிட்ட மறைச்சேன்னு. மாஸ்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமான்னு."

மாஸ்டர் முன் இருக்கையின் கம்பியைப் பிடித்தார்.

"எப்ப கேட்டனீங்கள்?"

"சனிக்கெழம சாயந்தரம். சண்ட முடிஞ்ச அன்னைக்கே."

அவன் வெள்ளவத்தைக்கு வந்தது ஞாயிற்றுக்கிழமை காலை.

முகாமில் பார்வையாளர் அறைக்கு நடுவே ஒரு தடுப்பு. இடுப்புவரை பலகை, அதற்கு மேலே இரட்டைக் கம்பி வலை. பத்து நிமிடம் தந்தார்கள். முதல் ஐந்து நிமிடம் ஆறாயி அழுதாள், ரொட்டியைப் பற்றிச் சொன்னாள், மறுபடி அழுதாள். அழகுமுத்து மெலிந்திருந்தான். தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். தாயைச் சிரிக்கவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு மாஸ்டர் வலைக்குக் கிட்டப் போனார். வழியெல்லாம் வசனங்களை அடுக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"அழகு, அண்டைக்கு நீர் வந்து கேட்டபோது நான்..."

"தெரியும் மாஸ்டர். அம்மா சொல்லிட்டாங்க."

"தெரிஞ்சுகொண்டோ வந்து கேட்டனீர்?"

அழகுமுத்து வலையில் விரல்களைக் கோத்தான். முட்டிகளில் காய்ப்புக் கரையத் தொடங்கியிருந்தது.

"நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன். சொன்னீங்கன்னா, பரவாயில்லங்க மாஸ்டர்னு சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

அதில் கோபமே இருக்கவில்லை. கோபம் இருந்திருந்தால் மாஸ்டர் எங்கேயாவது கையை உயர்த்தித் தாங்கியிருப்பார். கதவருகே நின்ற காவலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"அத விடுங்க," என்றான் அழகுமுத்து. "வெலா இப்ப சரியாயிருச்சு. இங்க எடமில்ல, ஆனா டெய்லி வெறுங்கையோட கொஞ்சம் போட்டுப் பாக்குறேன். நீங்க ரேடியோவுல சொன்ன அதே எடத்தத்தான். பாருங்க மாஸ்டர்."

ஒரு அடி பின்னால் போய், கையை உயர்த்தி, வலது குத்தை மெதுவாக நீட்டினான். திரும்ப ஒரு தடவை நீட்டினான்.

"எழும்புதா மாஸ்டர்?"

பலகை இடுப்புவரை இருந்தது. மாஸ்டர் நின்ற இடத்திலிருந்து அவனுடைய கால்கள் தெரியவில்லை. ஆனால் அவருக்குக் கால்களைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. தோள் போன உயரம் தெரிந்தது. கை முழுவதும் நீள்வதற்கு முன்னால் முழங்கை ஒரு கணம் விலாவைத் தேடித் திரும்பியது தெரிந்தது. எலும்பு எங்கே பிழையாகப் பொருந்தியிருக்கிறது, எவ்வளவு வலிக்கிறது, இனி அந்தக் கை எவ்வளவு தூரம் போகும் என்பதெல்லாம் மேசையில் விரித்து வைத்த படம்போலத் தெரிந்தது. பலகைக்கு அப்பால் குதிக்கால் தரையோடு ஒட்டிக்கிடந்தது.

ஆறாயியும் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓம்," என்றார் மாஸ்டர். "எழும்புது."

"எவ்வளவுங்க?"

மாஸ்டர் இரண்டு விரல்களைச் சேர்த்து வலைக்கு முன்னால் பிடித்துக் காட்டினார்.

"இவ்வளவு."

"போதுங்களா?"

"போதும், ராசா. வடிவாப் போதும்."

அழகுமுத்து பல் தெரியச் சிரித்தான். காவலாளி வந்து தோளில் கை வைத்தபோது, அவன் இன்னும் ஒரு தடவை, இந்த முறை கொஞ்சம் வேகமாக, வலது கையை நீட்டிக் காட்டிவிட்டுப் போனான்.